வடக்கு ஜன்னலும் மாநிறமும்

உருவப்படம் எடுப்பது குறித்த கையேடுகளில் பெரும்பாலானவை சில விதிகளைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. முகத்துக்கு வடக்கு ஜன்னலின் ஒளியே சிறந்தது, சூரியன் உதித்த பின் வரும் ஒரு மணி நேரமும் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் பொன்னான பொழுது, கேமராவின் ஒளிமானி காட்டும் அளவை நம்பிப் படமெடுக்கலாம் என்பன அவற்றுள் முதன்மையானவை. இவ்விதிகள் பிறந்த இடத்தில் இவை சரியானவையே. ஆனால் அவை பாரிஸ், லண்டன், நியூயார்க் போன்ற நகரங்களின் ஸ்டூடியோக்களில், வெளிர்நிறத் தோல் கொண்ட முகங்களைப் படமெடுத்துப் பழகியவர்கள் வகுத்தவை. சென்னையிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ மாநிறமும் கருநிறமும் கொண்ட ஒரு மாடலை நிறுத்திப் படமெடுக்க முனையும்போது அவற்றுள் சில பாதியளவே பொருந்துகின்றன. ஒன்றிரண்டு அடியோடு பொய்த்துப்போகின்றன. விதிக்குப் பின்னால் இருக்கும் ஒளியியலை அறிந்தவர், தம் ஊர் வெயிலுக்கும் தம் முன் நிற்கும் முகத்துக்கும் பொருந்தும் விதியைத் தாமே வகுத்துக்கொள்ள முடியும் என்பதால், இத்துறையில் கருவிகளைப் பற்றிய அறிவைவிட அந்த அடிப்படை அறிவே முதலில் வேண்டப்படுவது.

வடக்கு ஜன்னலிலிருந்தே தொடங்கலாம். ஒளிப்படக்கலை 1839இல் பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட காலத்தில் ஒரு முகத்தைத் தகட்டில் பதிக்க நிமிடக்கணக்கில் நேரம் பிடித்ததால், அதைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் எழுந்த ஸ்டூடியோக்கள் கட்டடங்களின் உச்சி மாடியில், கண்ணாடிக் கூரையோடு அமைக்கப்பட்டன. ஓவியர்களின் பழக்கத்தைப் பின்பற்றி அந்தக் கண்ணாடி வடக்கு நோக்கிச் சரிந்திருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். கடகரேகைக்கு வடக்கே உள்ள எந்த ஊரிலும் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தென்வானில்தான் நிற்கும். ஏறத்தாழ 49 பாகை வட அட்சரேகையில் இருக்கும் பாரிசில் கோடையின் உச்சத்தில்கூட அது 65 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. ஆகவே வேலை நேரத்தில் வடக்குக் கண்ணாடி வழியே நேரடி வெயில் நுழையாமல், வானத்தின் பரந்த ஒளி மட்டுமே நுழைந்தது. காலையில் எடுத்த படத்துக்கும் பிற்பகலில் எடுத்த படத்துக்கும் ஒளியின் திசையில் பெரிய வேறுபாடு இல்லாததால் தொழில் நடத்துவதற்கும் அது வசதியாக இருந்தது.

சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டி மறுமுறையும் அந்நகரின் உச்சிக்கு நேர் மேலே வருகிறது; இவ்விரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதங்கள், உதயம் முதல் மறைவு வரை, அது வடவானிலேயே பயணம் செய்கிறது. அம்மாதங்களில் வடக்குச் சுவரில் இருக்கும் ஜன்னல் நாள் முழுவதும் வெயிலைப் பார்க்கும் ஜன்னல்; சீரான வான ஒளியைத் தருவது தெற்கு ஜன்னல். மார்ச் 21இலிருந்தே காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்ந்த வெயில் விழத் தொடங்கிவிடும். செப்டம்பர் இறுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரையிலான அரையாண்டில்தான் பாரிஸ் விதி சென்னைக்கு முழுமையாகப் பொருந்துகிறது. கன்னியாகுமரியில் சூரியன் உச்சிக்கு வருவது ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் என்பதால், அங்கே இந்த மாறாட்டம் இன்னும் நீளும். ஜன்னல் ஒளியை நம்பி வாடகைக்கு ஸ்டூடியோ தேடுபவர்கள் வடக்கிலும் தெற்கிலும் திறப்புள்ள அறையைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான் நல்லது.

பொன்னான பொழுதின் கதையும் இதைப் போன்றதே. சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி மிக நீண்ட காற்றுப்பாதையைக் கடந்து வருவதால் நீலப் பகுதி சிதறிக் குறைந்து, செம்மஞ்சள் நிறம் மேலோங்கி, முகத்தில் பக்கவாட்டாக விழுகிறது. சூரியன் 10 பாகை உயரத்தை எட்டும்போதும், தலைக்கு நேர் மேலே இருக்கும்போது கடப்பதைப் போல ஐந்தரை மடங்கு காற்றை அது கடக்க வேண்டியிருக்கிறது. இந்த 10 பாகையை ஏறிமுடிக்க, பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள்களில், லண்டனில் ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாகும். அங்கே சூரியன் சாய்ந்த பாதையில் மெல்ல எழுகிறது. சென்னையில் ஏறத்தாழ செங்குத்தாக எழுவதால் 41 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆக, கையேடு சொல்லும் ஒரு மணி நேரத்தை நம்பி மெரினாவில் மூன்று உடைகளுக்குத் திட்டமிடுபவர் மூன்றாவது உடைக்குக் கடும் வெயிலில் சிக்கிக்கொள்வார். ஒப்பனையும் உடையும் இருட்டிலேயே முடிந்து, முதல் கீற்று எழும்போது மாடல் தம் இடத்தில் நின்றிருக்க வேண்டும். இரண்டு உடைகளுக்கு மேல் அந்தப் பொழுது இடம் தராது.

ஒளி மென்மையானது, கடுமையானது என்று பேசப்படுவது அதன் அளவையோ பிரகாசத்தையோ பொறுத்ததன்று; முகத்திலிருந்து பார்க்கும்போது ஒளிமூலம் எவ்வளவு அகலமாகத் தோன்றுகிறது என்பதைப் பொறுத்தது. சூரியனின் விட்டம் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர். ஆனாலும் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் வானில் அது அரைப் பாகை அகலமே கொள்கிறது. ஆகவே அது மிகச் சிறிய, மிகக் கடுமையான ஒளிமூலம். மூக்கின் நிழல் கன்னத்தில் விழுவதை அருகிலிருந்து பார்த்தால் இது விளங்கும். நிழலை உண்டாக்கும் மூக்கின் விளிம்புக்கும் நிழல் விழும் கன்னத்துக்கும் இடையே 3 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொண்டால், நேரடி வெயிலில் வெளிச்சத்திலிருந்து முழு நிழலுக்கு மாறும் இடைப்பட்டை கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். கத்தியால் வெட்டியது போன்ற கோடு. 90 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சாஃப்ட்பாக்ஸை, அதாவது உள்ளே விளக்கும் முன்பக்கம் வெள்ளைத் துணியும் கொண்ட பெட்டியை, முகத்திலிருந்து 90 சென்டிமீட்டரில் வைத்தால் அதே இடைப்பட்டை 3 சென்டிமீட்டராக விரிந்து, நிழல் எங்கே தொடங்கியது என்றே தெரியாதபடி கன்னத்தோடு கரைந்துபோகும். அதே சாஃப்ட்பாக்ஸை 3.6 மீட்டருக்கு நகர்த்தினால் பட்டை முக்கால் சென்டிமீட்டராகச் சுருங்கும். விலை உயர்ந்த விளக்கை வாங்கித் தொலைவில் வைப்பவரைவிட, எளிய விளக்கின் முன் வெள்ளை மல் துணியைக் கட்டி முகத்தருகே கொண்டுவருபவர் மென்மையான ஒளியைப் பெறுகிறார் என்பது இதனால் விளங்கும்.

இந்த அறிவை இந்தியத் திரை எவ்வளவு முன்பே எட்டியது என்பதை இங்கே பதிவுசெய்வது தகும். சத்யஜித் ராயின் 1956ஆம் ஆண்டுப் படமான அபராஜிதோவில், காசியில் உள்ள ஒரு வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் அரங்கமாக அமைத்தபோது, திறந்த முற்றத்தில் இறங்கும் நிழலற்ற வான ஒளியைக் கொண்டுவரும் பொறுப்பு ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு வந்தது. நேரடியாக விளக்குகளைத் திருப்பியிருந்தால் ஒவ்வொரு விளக்கும் தனித்தனி நிழலை வீழ்த்தியிருக்கும். அவர் முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் பாய்ச்சி, துணியிலிருந்து திரும்பி வரும் ஒளியால் முகங்களை ஒளியூட்டினார். முற்றம் அளவுக்கு அகன்ற ஒளிமூலம் அது. ராயின் முதற்படமான பதேர் பாஞ்சாலியில் வேலை தொடங்கும்வரை திரைப்படக் கேமராவைக் கையாண்டே அறியாத ஓர் இளைஞர், வானம் எப்படி ஒளி தருகிறது என்று உற்றுநோக்கி இம்முறையை அடைந்தார் என்பது இத்துறையில் நுழையும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. தமிழ்த் திரைப்படப்பிடிப்புகளில் இன்றும் லைட்மேன்கள் வெள்ளைத் தெர்மோகோல் பலகையைப் பிடித்து ஒளியைத் திருப்பி முகத்துக்கு அனுப்புவதும், நடிகரின் தலைக்கு மேல் ஸ்கிம்மர் துணியைக் கட்டி வெயிலை வடிகட்டுவதும் அதே தத்துவத்தின் வழியில்தான்.

தொலைவு மென்மையை மட்டும் தீர்மானிப்பதில்லை. முகத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டையும் அதுவே தீர்மானிக்கிறது. ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், தொலைவு இரட்டிப்பாகும்போது வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிறது. மாடலுக்குப் பின்னால் 1 மீட்டரில் சாம்பல் நிறச் சுவர் இருக்கிறது என்று கொள்ளலாம். விளக்கை முகத்திலிருந்து 1 மீட்டரில் வைத்தால் சுவர் பெறும் வெளிச்சம் முகத்தில் விழுவதில் கால் பங்கே. ஒளிப்படக்காரர்களின் அளவையில் அது இரண்டு ஸ்டாப், ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் பாதியாவதையோ இரட்டிப்பாவதையோ குறிக்கும் அலகு. சுவர் படத்தில் ஏறத்தாழ கருமையாகிவிடும். விளக்கை 4 மீட்டருக்குப் பின்னகர்த்தி அதன் சக்தியைக் கூட்டினால் சுவர் முகத்தின் வெளிச்சத்தில் மூன்றில் இரு பங்கு பெற்று வெளிறித் தோன்றும். ஒரே சுவர், ஒரே விளக்கு, பின்னணித் தாள் எதையும் மாற்றாமல் இருவேறு படங்கள்.

திசையைப் பற்றி நூல்கள் நிறையவே எழுதியுள்ளன. முகத்தின் முன்னே, கண்மட்டத்துக்கு மேலே விளக்கை வைத்து மூக்கின் கீழே வண்ணத்துப்பூச்சி போன்ற சிறு நிழலை உண்டாக்கும் முறை, 1930களில் பாராமவுண்ட் நிறுவனம் மார்லீன் டீட்ரிச்சைப் படமெடுத்த விதத்தால் புகழ்பெற்றது. விளக்கைப் பக்கவாட்டில் 45 பாகைக்கு நகர்த்தி, நிழல் விழும் கன்னத்தில் ஒரு சிறு ஒளி முக்கோணத்தை விடும் முறைக்கு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரே நிலைத்துவிட்டது. இப்பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, மாடல் தலையை மெல்லத் திருப்பும்போது மூக்கின் நிழல் எங்கே போகிறது, இரு கண்களிலும் ஒளிப்புள்ளி விழுகிறதா என்பவற்றைப் பார்த்துப் பழகுவது பயன் தரும். கண்ணில் அந்தப் புள்ளி இல்லாத முகம் எவ்வளவு அழகாக ஒளியூட்டப்பட்டாலும் உயிரற்றுத் தோன்றும்.

தமிழகத்து நண்பகலில் திசை ஒரு தனிச் சிக்கலாகிறது. உச்சிவெயில் நெற்றியையும் மூக்கு நுனியையும் வெளுக்கச் செய்து, கண்குழிகளை இருட்டாக்கிவிடும். இதற்கு நூல்கள் சொல்லும் தீர்வு பிளாஷ் வெளிச்சத்தால் நிழலை நிரப்புவது. பல கேமராக்களில் பிளாஷோடு பயன்படுத்தக்கூடிய உச்ச ஷட்டர் வேகம் நொடியில் 200இல் அல்லது 250இல் ஒரு பங்கே என்பதால், கடும் வெயிலை ஈடுகட்ட லென்ஸின் துளையை மிகச் சிறிதாக்க வேண்டியிருக்கும், பின்னணி மங்காமல் கூர்மையாகவே நிற்கும், பிளாஷும் முழுச் சக்தியில் உழைக்கும். அதைவிட எளிய விடை பழைய வீடுகளின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. தாழ்வாரத்துத் தூணருகே, கூரை முடியும் விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே, முற்றத்தைப் பார்த்து மாடலை நிறுத்தினால், கூரை உச்சிவெயிலை மறைத்துவிடுகிறது. வெயில் காயும் முற்றத்துத் தரையும் எதிர்ச் சுவரும் திறந்த வானமும் சேர்ந்து முகத்துக்கு முன்னிருந்து வரும் மிகப் பெரிய ஒளிமூலமாகின்றன. பின்னால் கூடம் இயல்பாகவே இருண்டிருக்கும். அமெரிக்க ஒளிப்படக்கலைஞர் ரிச்சர்ட் அவேடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்கு மாநிலங்களில் தொழிலாளர்களையும் ஊர்சுற்றிகளையும் படமெடுத்த புகழ்பெற்ற வரிசை முழுவதும் இந்த வகையான நிழலில்தான் உருவானது. பெரிய கேமராவும், சுவரில் ஒட்டிய ஒரு வெள்ளைத் தாளும், வெயில் படாத ஓர் இடமும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

தோலின் மீது விழும் ஒளி இரண்டு வழிகளில் கேமராவுக்குத் திரும்புகிறது. உருவப்பட ஒளியமைப்பின் மையம் இதுதான். முதல் பகுதி தோலின் மேற்படலத்தைத் தொட்டவுடன், உள்ளே நுழையாமலே தெறித்துத் திரும்புகிறது. செங்குத்தாக விழும் ஒளியில் இது ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடு; சாய்வாக உரசிச் செல்லும் ஒளியில் இது வெகுவாகக் கூடும். எஞ்சிய ஒளி தோலுக்குள் நுழைந்து, மேல்தோலில் உள்ள மெலனின் என்னும் நிறமியாலும் கீழே ஓடும் இரத்தத்தின் ஹீமோகுளோபினாலும் ஒரு பங்கு உறிஞ்சப்பட்டு, தோல் இழைகளில் பலமுறை சிதறி, நிறமேறி வெளியே வருகிறது. முகத்தின் நிறம் என்று கண் அறிவது இந்த இரண்டாவது பகுதியை. முதல் பகுதி மேற்பரப்பிலேயே நிகழ்வதால் அதற்கும் மெலனினுக்கும் தொடர்பில்லை. வெளிர் தோலிலும் கருந்தோலிலும் அது ஒரே அளவானது.

இதிலிருந்து பிறக்கும் விளைவு பெரியது. வெளிர் தோலில் உள்ளிருந்து வரும் ஒளியே மிகுதி என்பதால் மேற்பரப்பின் பளபளப்பு அதில் அடங்கிவிடுகிறது; முகத்தின் மேடுபள்ளங்களை நிழல்கள் காட்டுகின்றன. கருந்தோலில் உள்ளிருந்து வரும் ஒளி குறைவாக இருப்பதால் பளபளப்பின் பங்கு ஓங்கி, கன்னமேட்டையும் தாடைக் கோட்டையும் நெற்றியின் வளைவையும் அதுவே எழுதிக்காட்டுகிறது. சிறிய விளக்கை நேரே காட்டினால் அந்தப் பளபளப்பு நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டாகக் குவிந்து, முகத்தின் மற்ற பகுதி இருட்டில் மூழ்கும். இதைக் கண்டு விளக்கின் சக்தியைக் கூட்டுவது பரவலாகச் செய்யப்படும் தவறு. பொட்டு இன்னும் வெளுக்குமே தவிர முகம் தெளியாது. செய்ய வேண்டியது ஒளிமூலத்தை அகலமாக்கி, பக்கவாட்டுக்கோ சற்றுப் பின்னுக்கோ நகர்த்துவது. அப்போது அகன்ற துணியின் எதிரொளி கன்னமேடு முழுவதும் மெல்லிய மினுமினுப்பாகப் பரவி, சாய்கோணத்தால் வலுப்பெற்று, தோலின் ஆழ்ந்த நிறத்தை வெளிறச் செய்யாமலே வடிவத்தைக் கொண்டுவருகிறது. கருநிற முகத்தை வெளுப்பாக்கிக் காட்டுவதற்காக ஒளியைக் கொட்டும் வழக்கம் அழகுணர்ச்சியாலும் தவறு, ஒளியியலாலும் தவறு.

வியர்வை இந்தக் கணக்கில் குறுக்கிடுகிறது. தோலின் மேற்பரப்பு நுண்ணளவில் சொரசொரப்பானது. நீர்ப்படலமோ எண்ணெய்ப் படலமோ அதை வழவழப்பாக்கும்போது பரவலான மினுமினுப்பு கூர்மையான புள்ளிகளாகக் குவிந்துவிடும். முகப்பவுடர் அந்தச் சொரசொரப்பை மீட்டுத் தருகிறது. ஆனால் மாடலின் நிறத்தைவிட வெளிர்ந்த பவுடரைப் பூசினால், பிளாஷ் ஒளியில் முகம் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். பளபளப்பை முழுவதுமாக நீக்க வேண்டிய தேவை ஏற்பட்டால், விளக்கின் முன்னும் லென்ஸின் முன்னும் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போலரைசர் வடிகட்டிகளை வைக்கலாம். மேற்பரப்பில் தெறித்த ஒளி தன் அதிர்வுத் திசையை மாற்றிக்கொள்வதில்லை என்பதால் இரண்டாவது வடிகட்டியில் அது நின்றுவிடும், தோலுக்குள் சிதறி வந்த ஒளி திசை கலைந்திருப்பதால் கடந்து வரும். தோல்நோய் மருத்துவர்கள் மருக்களையும் தழும்புகளையும் பதிவுசெய்ய இம்முறையைக் கையாள்கிறார்கள். உருவப்படத்துக்கு இதை முழு அளவில் பயன்படுத்தினால் முகம் களிமண் பொம்மை போலாகிவிடும். சற்றே திருப்பிப் பாதியளவு பளபளப்பைக் குறைப்பதே போதும்.

ஒளிமானியை நம்பலாம் என்ற விதி பொய்ப்பதும் தோலில்தான். கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, தான் பார்க்கும் காட்சி நடுத்தரச் சாம்பல் நிறமானது என்ற அனுமானத்தில் கணக்கிடுகிறது. சட்டகம் நிறையக் கருநிற முகம் இருந்தால் அது காட்சியை வெளுக்கச் செய்யும். அதே முகம் தூய வெள்ளை வேட்டி சட்டையோடு நின்றால், வெள்ளையைக் கண்டு வெளிச்சத்தைக் குறைத்து முகத்தை இருட்டாக்கும். வெள்ளைத் துணி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்புகிறது, கருந்தோல் 10 விழுக்காட்டை ஒட்டியே திருப்புகிறது. இடையே மூன்று ஸ்டாப் வேறுபாடு. இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. முதலாவது, கையடக்க ஒளிமானியை முகத்தருகே வைத்து விழும் ஒளியை அளப்பது; தோலின் நிறம் அந்தக் கணக்கில் சேராது. இரண்டாவது, சட்டையின் மேல் விழும் ஒளியை மட்டும் வெட்டுவது. விளக்குக்கும் மாடலின் மார்புக்கும் இடையே, படத்துக்குள் வராதபடி, ஒரு கறுப்புத் துணியை ஸ்டாண்டில் கட்டித் தொங்கவிட்டு, அதன் மேல் விளிம்பின் நிழல் கழுத்துப்பட்டைக்குச் சற்றுக் கீழே மங்கலாக விழும்படி மெல்ல ஏற்றி இறக்கினால், முகம் தன் முழு ஒளியோடு நிற்க, வேட்டியின் மடிப்புகளும் நெசவும் வெளுத்துப்போகாமல் தெரியும். ஐந்து நிமிட வேலை. அதன் பலன் எந்த மென்பொருளாலும் ஈடுசெய்ய முடியாதது.

தோல் நிறத்துக்கு எதிரான சாய்வு இத்தொழிலின் பொருள்களிலேயே ஊறியிருந்தது என்பதும் வரலாறு. 1851இல் வந்த ஈரத்தகட்டு முறை நீல ஒளியையும் புற ஊதாவையும் மட்டுமே உணர்ந்தது. மெலனின் மிக வலுவாக உறிஞ்சுவது அந்தப் பகுதியைத்தான் என்பதால், பழுப்பு முகங்கள் கண்ணுக்குத் தெரிந்ததைவிடக் கருமையாகப் பதிந்தன. மென்மையான உருவப்படங்களால் புகழ்பெற்று, 1875இல் இலங்கையில் குடியேறி 1879இல் அங்கேயே இறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் பயன்படுத்தியதும் அத்தகைய தகடுகளையே. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய அட்டைகளில் வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணின் படமே நெடுங்காலம் இருந்தது. பல நிறத்தவர் ஒன்றாக இருக்கும் அட்டைகள் 1990களில்தான் பரவின. ஹார்வர்டு சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கி, 2022இல் கூகுள் வெளியிட்ட பத்துப் படிநிலை கொண்ட தோல் நிற அளவுகோல் இன்று எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒளியமைப்பைச் சோதிக்கும்போது உதவியாளர்களில் பல நிறத்தவரை நிறுத்திப் பார்க்கும் பழக்கம் அதைவிடவும் எளியது.

ஒளியின் நிறத்தைப் பொறுத்தவரை இன்றைய பெரும் சிக்கல் மலிவான எல்இடி விளக்குகள். அவற்றின் பெட்டியில் அச்சிடப்படும் சிஆர்ஐ என்னும் நிறத்துல்லிய எண், எட்டு வெளிர் நிறங்களை வைத்துக் கணக்கிடும் சராசரி. ஆழ்ந்த சிவப்பைக் குறிக்கும் ஆர்9 என்ற அளவு அதில் சேர்வதில்லை. தோலின் உயிர்ப்பு இரத்தத்தின் சிவப்பிலிருந்து வருவதால், பொது எண் 80க்கு மேல் இருந்தும் ஆர்9 குறைவான விளக்கின் கீழ் மாநிற முகம் நோயாளியின் முகம் போல வெளிறிப் பச்சை பாய்கிறது. வாங்கும் முன் ஆர்9 எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். வேப்பமரத்தடியில் நிற்கும் மாடலின் முகத்திலும் இலைகளின் பச்சை ஏறும்; காவி பூசிய சுவரருகே நின்றால் கன்னத்தில் செம்மை ஏறும். முதலாவது கெடுக்கும், இரண்டாவது பெரும்பாலும் அழகு சேர்க்கும்.

கேமரா எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. மூக்கின் நுனி காதுகளைவிட ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் முன்னே இருப்பதாகக் கொண்டால், 30 சென்டிமீட்டரில் எடுத்த செல்போன் படத்தில் மூக்கு, காதோடு ஒப்பிடுகையில் 40 விழுக்காடு பெரிதாகப் பதியும். ஒன்றரை மீட்டரில் அது 8 விழுக்காடாகக் குறையும். முகத்தைச் சிதைப்பது லென்ஸன்று, தொலைவே. 85 முதல் 135 மில்லிமீட்டர் லென்ஸ்கள் உருவப்படத்துக்குப் பரிந்துரைக்கப்படுவது, படமெடுப்பவரை அவை போதிய தூரத்துக்குப் பின்னே தள்ளுவதால்தான்.

இவ்வளவும் அறிந்த பின் திட்டமிடுதல் எளிதாகிறது. படம் எதற்காக என்பது முதலில் முடிவாக வேண்டும். திரைவாய்ப்புக்காகக் கோடம்பாக்கத்துக்கு அனுப்பும் போர்ட்ஃபோலியோவில் முகம் மறைவின்றித் தெரிய வேண்டும், பட்டுப்புடவை விளம்பரத்தில் சரிகையின் உலோக மினுக்கம் முகத்தை மீறாதபடி விளக்கு சாய வேண்டும். இடத்தை, படமெடுக்கப்போகும் அதே மணியில், முன்கூட்டியே சென்று பார்த்து, செல்போனின் திசைகாட்டியால் ஜன்னல்களின் திசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெளிப்புறக் காட்சிகள் விடியலுக்கும் மாலைக்கும், தாழ்வாரமும் அறையும் நடுப்பகலுக்கும் என்று வரிசை அமைந்தால் மாடலும் வெயிலில் வாடமாட்டார்.

மாடலின் வசதி படத்தின் தரத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. சூரியனை நேரே பார்க்கச் சொன்னாலும், வெள்ளி நிற ரிஃப்ளெக்டரைக் கண்ணுக்கு நேரே திருப்பினாலும் கண்கள் சுருங்கி நீர் கோக்கும், ஒப்பனையும் கலையும். தாழ்ப்பாள் போட முடிந்த உடைமாற்றும் அறை, மின்விசிறி, குடிநீர், ஒவ்வொரு உடைக்கும் இடையே ஓய்வு ஆகியவை செலவுக் கணக்கில் முதல் வரியில் இடம்பெற வேண்டியவை. முந்தானையைச் சரிசெய்வதானாலும் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்குவதானாலும், சொல்லித் திருத்தச் சொல்வதே முறை. தொட்டுத் திருத்த வேண்டியிருந்தால் அனுமதி கேட்டு, ஒப்பனைக் கலைஞர் வழியே செய்வது நல்லது.

எழுத்து வடிவிலான ஒப்பந்தம் இன்றி எந்தப் படப்பிடிப்பும் தொடங்கக்கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்தவரே. கேமராவைப் பிடித்தவர் அல்லர். இதை அறியாமல் தம் படங்களைத் தாமே விற்க முனைந்து தொல்லைப்படும் இளைஞர்கள் பலர். மாடலின் படம் எங்கே, எதற்காக, எத்தனை ஆண்டுகள் பயன்படும், கூலி எவ்வளவு என்பவற்றை அவர் படித்தறியும் மொழியில், தமிழ் படிப்பவராயின் தமிழிலேயே எழுதி, முதல் படம் எடுக்கும் முன்பே இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ள வேண்டும். 18 வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பதால் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திடுவதோடு, படப்பிடிப்பு முடியும்வரை உடனிருக்கவும் வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உருவப்படம் எடுப்பவர்கள் ஒவ்வொரு படப்பிடிப்பின் முடிவிலும் ஊர், மாதம், மணி, ஜன்னலின் திசை, மாடலின் தோல் நிறம், விளக்கின் அகலமும் தொலைவும், கேமராவின் அளவுகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவைத்து, அடுத்து வரும் இளையவர்களுக்கு மறைக்காமல் காட்டித் தர வேண்டும்.